சிடி-ஐ வட்டுகளை ஐஎஸ்ஓ ஆக்கிவிட்டுக் கழித்துக்கட்டாதீர்கள்

பிலிப்ஸ் சிடி-ஐ வட்டுகளை வைத்திருக்கும் நூலகங்கள், அருங்காட்சியகங்களின் மின்னாவணப் பிரிவினருக்கு,

வணக்கம். 1991இல் விற்பனைக்கு வந்த சிடி-ஐ (ஊடாடும் சிடி வட்டும் அதை ஓட்டும் கருவியும்) வெறும் விளையாட்டுக் கருவி அல்ல. கலைக்களஞ்சியம், ஓவியக்கூட வழிகாட்டி, நிறுவனங்களின் பயிற்சிப் பாடம் என்று பலவும் அதற்காக வெளிவந்தன. இன்று இவற்றைக் கணினியில் ஓட்டிப் பார்க்க எமுலேட்டர்கள் (பழைய கருவியைப் போல நடந்துகொள்ளும் நிரல்கள்) இருக்கின்றன. ஆனால் அவற்றுக்குக் கொடுக்கும் படிமம் (வட்டின் நகலான கோப்பு) முழுதாக இருந்தால்தான் பயன். எனவே ஒரே கோரிக்கை: இந்த வட்டுகளை ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்து வைத்துவிட்டு, மூல வட்டைக் கழித்துவிடாதீர்கள்.

ஐஎஸ்ஓ ஏன் போதாது? வட்டின் ஒவ்வொரு செக்டரும் (தரவு அடுக்கப்படும் சிறு கூறு) 2352 பைட். ஐஎஸ்ஓ அதில் 2048 பைட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். சாதாரண சிடி-ராமில் மிச்சமெல்லாம் தலைப்பும் பிழைதிருத்தமும்தான்; போனால் போகட்டும். சிடி-ஐயில் ஒலியும், படத்தில் பெரும்பகுதியும் 'ஃபார்ம் 2' செக்டர்களில் இருக்கின்றன. அங்கே பிழைதிருத்தத்துக்கான 276 பைட்டிலும் தரவையே நிரப்பி, 2324 பைட் ஆக்கியிருப்பார்கள். ஒலிச் செக்டர் என்றால் தலா 128 பைட் கொண்ட 18 தொகுதிகள். 2048இல் வெட்டினால் கடைசி இரண்டும் காலி. ஒன்பதில் ஒரு பங்கு ஒலி போயிற்று.

அதைவிடப் பெரிய இழப்பு, தரவுக்கு முன்னால் நிற்கும் 8 பைட் துணைத்தலைப்பு. இது ஒலியா படமா, எந்தச் சேனல் என்று சொல்வது அதுதான். டச்சு, ஆங்கிலம், பிரெஞ்சு விளக்கவுரைகளைத் தனித்தனிச் சேனலில் வைத்து மாறிமாறி அடுக்கியிருக்கும் வட்டில் துணைத்தலைப்பு போய்விட்டால், எது எந்த மொழி என்று பிரிக்க வழியே இல்லை. பிறகு எந்த எமுலேட்டராலும் அதைக் காப்பாற்ற முடியாது.

உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் கோப்புகளைச் சோதிப்பது எளிது. கோப்பின் அளவை 2352ஆல் வகுங்கள், மீதி வரக்கூடாது. அடுத்து ஹெக்ஸ் எடிட்டரில் (பைட்டுகளைப் பதினாறடிமான எண்களாகக் காட்டும் நிரல்) திறங்கள். முதலில் ஒரு 00, பத்து எஃப்எஃப், மறுபடி 00; அதன்பின் நேர முகவரி மூன்று பைட், பிறகு 02. அந்த 02தான் 'மோடு 2' என்பதற்கு அடையாளம். தொடரும் எட்டு பைட்டில் நான்கு மதிப்புகள் இருமுறை வரும்: கோப்பு எண், சேனல் எண், துணைமோடு, குறியீட்டு விவரம். நடுவே எங்காவது போய்ப் பாருங்கள். துணைமோடு 64 என்று இருந்தால் அது ஒலிச் செக்டர். கோப்பு 00, எஃப்எஃப் என்று தொடங்காமல் வெறும் சுழிகளாகவே இருந்தால் அது வெட்டுப்பட்ட படிமம். வட்டு கையில் இருக்கும்போதே மறுபடி எடுங்கள்.

எடுக்கும்போது விண்டோஸ் வட்டில் ஒன்றுமில்லை என்று சொல்லலாம். பயப்பட வேண்டாம். 16ஆம் செக்டரில் வழக்கமாக 'சிடி001' இருக்கும் இடத்தில் இதில் 'சிடி-ஐ' என்று எழுதியிருக்கும். விண்டோஸுக்கு அது புரியாது, அவ்வளவே. சிடிஆர்டிஏஓ போன்ற கருவியில் 'ரா' (வெட்டாமல் அப்படியே எடுக்கும்) முறையைத் தேர்ந்து, 'பின்' (தரவு), 'கியூ' (தட விவரம்) என்ற இரு கோப்புகளாக எடுங்கள். கியூவில் தடத்தின் வகை 'மோடு1' என்று விழுந்திருந்தால் எமுலேட்டர் வட்டை ஏற்காது; 'மோடு2/2352' என்று திருத்துங்கள். ஃபார்ம் 2 செக்டரில் இரண்டாம் அடுக்குப் பிழைதிருத்தம் இல்லாததால், கீறல் சத்தமில்லாமல் தரவைக் கெடுக்கும். இரண்டு முறை, முடிந்தால் இரண்டு டிரைவில் எடுத்து, எஸ்ஹெச்ஏ-1 மதிப்பை (கோப்பின் கைரேகை போன்ற எண்) ஒப்பிடுவது அதற்காகத்தான்.

'சிடி-ஐ ரெடி' என்று உறையில் போட்டிருந்தால் தனிக் கவனம் வேண்டும். பார்வைக்கு அது இசை வட்டு. தரவு முதல் பாட்டுக்கு முந்தைய இடைவெளியில் ஒளிந்திருக்கும். பல டிரைவ்கள் அந்த இடைவெளியைத் தொடவே தொடாது. பழைய பிளெக்ஸ்டர் டிரைவ் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள்.

சோதித்துப் பார்க்க மேம் எமுலேட்டரின் 'சிடிஐமோனோ1' என்ற சிடி-ஐ கருவித் தேர்வு போதும். 'சிஹெச்டிமேன்' நிரலின் 'கிரியேட்சிடி' கட்டளையால் கியூவை சிஹெச்டி (மேம் படிக்கும் சுருக்கிய படிமம்) ஆக்கிக் கொடுங்கள். ஒரு பைட்டும் குறையாமல் சுருங்கும். கருவியின் 512 கேபி சிஸ்டம் ரோமின் (ROM, மாறாத நினைவகச் சில்லு) நகலும் வேண்டும். மைக்ரோவேர் நிறுவனத்தின் ஓஎஸ்-9 வழிவந்த இயங்குதளம் அதற்குள்தான் இருக்கிறது. அதற்குப் பதிப்புரிமை உள்ளது என்பதால் உங்கள் கருவியிலிருந்தே படித்தெடுங்கள்.

வட்டு ஓடவில்லை என்றால் உடனே 'பழுது' என்று பட்டியலில் எழுதிவிடாதீர்கள். எமுலேட்டர்கள் இன்னும் அரைகுறைதான். எம்பெக்-1 வகை வீடியோவுக்கு டிஜிட்டல் வீடியோ கார்ட்ரிட்ஜ் (கருவியில் செருகும் துணைப் பாகம்) கேட்கும் வட்டுகள் கார்ட்ரிட்ஜ் இல்லாத எமுலேஷனில் நின்றுவிடும். அந்தத் தேவை உறையிலேயே அச்சாகியிருக்கும். அதைப் பட்டியலில் பதியுங்கள். செக்டர்கள் நொடிக்கு 75 என்ற கணக்கில் வந்தாக வேண்டும் என்பதால் மெதுவான கணினியில் ஒலி விக்கும். அதுவும் வட்டின் குறையல்ல.

அசல் கருவி வைத்திருப்போருக்கு: பல மாடல்களில் சேமிப்பு நினைவகம் எம்48டி08 சில்லு. லித்தியம் பேட்டரி அதன் உடலுக்குள்ளேயே புதைந்திருக்கிறது, ஆயுள் சுமார் பத்தாண்டு. அது செத்தால் சேமித்தவை போகும். சில கருவிகள் எழும்பவே எழும்பா. பேட்டரியில் உயிர் இருக்கும்போதே உள்ளடக்கத்தைப் படித்து வையுங்கள். பிறகு சில்லை மாற்றலாம், அல்லது மேலோட்டைச் சுரண்டிப் பழைய பேட்டரியைத் துண்டித்து, வெளியே சிஆர்2032 இணைக்கலாம்.

உங்கள் மின்னாக்க விதிமுறையில் 'சிடி-ராம்' என்ற ஒரே தலைப்பின் கீழ் சிடி-ஐயையும் சேர்த்திருந்தால் பிரித்துத் தனியே எழுதுங்கள்: 2352 பைட் படிமம், இருமுறை ஒப்பீடு, அதுவரை வட்டைக் கழிக்கத் தடை.

இப்படிக்கு,
சிடி-ஐ எமுலேஷன் ஆர்வலர்கள்