எந்தப் பதிப்பு இந்த வேலைக்கு உரியது?

செம்பூர், மும்பை
14 ஆகஸ்ட் 2024

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பட்டறையில் புதிய ரோலிங் மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது என்பதும், மலர் படிப்பை முடித்துவிட்டு உன்னோடு அலுவலகத்தில் உட்காருகிறாள் என்பதும் மிகுந்த மகிழ்ச்சி தந்தன. ஆனால் கடிதத்தின் பெரும்பகுதி, ஆய்வுக்கு வந்த மூன்றாம் தரப்பு இன்ஸ்பெக்டர் உன் வெல்டிங் பிரிவு அலமாரியிலிருந்து அழுத்தக்கலன்களுக்கான அமெரிக்கத் தரநிலையான ஏ.எஸ்.எம்.இ. எட்டாம் பகுதியின் 2010ஆம் ஆண்டுப் பதிப்பை உருவி எடுத்து, அதை வைத்தே ஒரு குறைபாட்டு அறிக்கை எழுதிவிட்டுப் போனதைப் பற்றித்தான். பழைய புத்தகங்களை எல்லாம் எடைக்குப் போட்டுவிட்டு, எல்லாவற்றிலும் லேட்டஸ்ட் பதிப்பை வாங்கி அடுக்கிவிடப் போவதாகவும், அது சரிதானே என்றும் கேட்டிருக்கிறாய். சரியில்லை என்பதுதான் என் கருத்து. இன்ஸ்பெக்டர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி "இது புதியதா, பழையதா" என்பதன்று; "இந்த வேலைக்கு எந்தப் பதிப்பு என்று யார், எப்போது, எதை வைத்து முடிவு செய்தார்கள், அந்த முடிவு எங்கே எழுதப்பட்டிருக்கிறது" என்பதுதான்.

முதலில் உன் பர்சேஸ் ஆர்டரை எடுத்துப் பார். அதில் தரநிலையின் எண்ணோடு ஆண்டும் குறிக்கப்பட்டிருந்தால், அந்த ஆண்டின் பதிப்பு மட்டுமே உன்னைக் கட்டுப்படுத்தும். எண் மட்டும் இருந்து ஆண்டு இல்லாவிட்டால், திருத்தங்கள் உட்பட நடப்பில் இருக்கும் பதிப்பு என்று கொள்வதே தரநிலைகள் எழுதும் உலகத்தின் பொதுவான மரபு. ஆனால் "நடப்பில்" என்பது எந்தத் தேதியில் என்ற கேள்வி அப்போதும் மிஞ்சுகிறது. வடிவமைப்பும் ஒப்பந்தக்காரர் பொறுப்பாக இருக்கும் வேலைகளுக்கான 1999ஆம் ஆண்டு ஃபிடிக் (ஆலோசனைப் பொறியாளர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு) ஒப்பந்த நிபந்தனைகள் இதற்கு ஓர் அடிப்படைத் தேதியை வகுத்திருக்கின்றன: டெண்டர் சமர்ப்பிக்கும் கடைசி நாளுக்கு 28 நாட்களுக்கு முந்தைய தேதி. அன்று நடப்பில் இருந்த பதிப்பே ஒப்பந்தத்துக்கு உரியது. அதற்குப் பின் புதியது நடைமுறைக்கு வந்தால், ஒப்பந்தக்காரர் பொறியாளருக்கு அறிவித்து, தேவையானால் அதற்கேற்ற முன்மொழிவையும் தர வேண்டும். யாரிடமும் சொல்லாமல் நீயாகவே புதிய பதிப்புக்கு மாறுவது பொறுப்பான செயலாகத் தோன்றலாம். ஆனால் அதனால் தகட்டின் கனம் கூடினாலோ, கூடுதல் ரேடியோகிராபி (எக்ஸ்ரே போன்ற சோதனை) தேவைப்பட்டாலோ, அந்தச் செலவை யாரிடம் போய்க் கேட்பாய்?

உன் துறையிலேயே இதற்கான விதி தெளிவாக இருக்கிறது. ஏ.எஸ்.எம்.இ. கொதிகலன், அழுத்தக்கலன் கோட் (விதித்தொகுப்பு) 2013 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை வருகிறது. வெளியான ஆறு மாதத்துக்குப் பின் அது கட்டாயமாகிறது. ஆனால் அந்த ஆறு மாதம் முடிவதற்குள் ஒப்பந்தமாகிவிட்ட கலன்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எனவே 2023 பதிப்பு 2024 ஜனவரியிலிருந்து கட்டாயமானது என்றாலும், உன் பட்டறையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு கலன்களுக்கு இரண்டு பதிப்புகள் உரியவையாக இருப்பது முற்றிலும் இயல்பு. அலமாரியில் எத்தனை பதிப்புகள் இருக்கின்றன என்பதில் குற்றமில்லை. எந்தக் கலனுக்கு எது என்று ஜாப் கார்டில் எழுதியிராததுதான் குற்றம்.

பழையதை எடைக்குப் போடாதே என்று நான் அழுத்திச் சொல்வதற்கு மும்பையில் தினமும் காரணம் கிடைக்கிறது. இங்கே 30 ஆண்டுகளைக் கடந்த கட்டடங்களுக்கு மாநகராட்சிச் சட்டத்தின் 353பி பிரிவின்படி கட்டமைப்புத் தணிக்கை கட்டாயம் என்பதால், மாட்டுங்கா, சயான் பக்கத்துப் பழைய சொசைட்டிகளின் வரைபடங்கள் எங்கள் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. சென்ற மாதம் வந்த ஒரு வரைபடத்தில் கான்கிரீட் "எம்150" என்றும், ஸ்டீல் "ஐ.எஸ். 226" என்றும் எழுதியிருந்தது. எங்கள் இளம் பொறியாளர் ஒருவர் அந்தக் காலத்திலேயே இவ்வளவு வலிமையான கான்கிரீட்டா என்று வியந்து போனார். கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456இன் 1964 பதிப்பு, கான்கிரீட்டின் வலிமையைச் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று குறித்தது; 1978 பதிப்பில் அந்த எம்150, சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்ற கணக்குக்கு மாறி எம்15 ஆனது; 2000 பதிப்பிலோ கம்பி இட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தபட்சமே எம்20. ஐ.எஸ். 226 என்பது பின்னாளில் ஐ.எஸ். 2062இல் சேர்க்கப்பட்டுவிட்டது. இவற்றின் பழைய பிரதிகள் எங்கள் நூலகத்தில் இல்லையென்றால், அந்தக் கட்டடம் எந்த விதிக்குக் கட்டுப்பட்டுக் கட்டப்பட்டது என்பதையே எங்களால் சொல்ல முடியாது. ஜாதகம் கணிக்கப் பிறந்த வருஷத்துப் பஞ்சாங்கம்தானே வேண்டும், இந்த வருஷத்துப் பஞ்சாங்கம் எதற்கு உதவும்? ஆகவே பழைய பிரதியின் அட்டையிலும் முதல் பக்கத்திலும் "நடப்பில் இல்லை – குறிப்புக்கு மட்டும்" என்று முத்திரை குத்தித் தனி அலமாரியில் பூட்டி வை. தர மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 9001 இதைத் தடுக்கவில்லை. காலாவதியான ஆவணத்தை வைத்திருந்தால் அடையாளமிட்டு வை, தவறுதலாகப் பயன்பாட்டுக்கு வராமல் பார்த்துக்கொள் என்று அதன் 2008 பதிப்பு வெளிப்படையாகவே சொன்னது. 2015 பதிப்பின் 7.5.3 பிரிவும், வெளியிலிருந்து வரும் ஆவணங்களை அடையாளம் கண்டு கட்டுப்படுத்த வேண்டும் என்கிறது. (அந்த 2015 பதிப்புக்கே 2024 பிப்ரவரியில் பருவநிலை மாற்றம் குறித்து ஒரு திருத்தம் வந்துவிட்டது. உன் தரக் கையேட்டோடு அது சேர்ந்திருக்கிறதா என்று அடுத்த ஆடிட்டர் கேட்பதற்குள் பார்த்துவிடு.)

எண்ணும் ஆண்டும் மட்டும் போதாது என்பதைக் காட்ட ஒரு சம்பவம் சொல்கிறேன். நவி மும்பையில் ஒரு சைட்டில், 53 கிரேடு சிமெண்ட் ஐ.எஸ். 12269:2013இன்படி இருக்க வேண்டும் என்று ஸ்பெக் (வேலைக்கான விவரக்குறிப்பு) சொன்னது. வந்திறங்கிய மூட்டையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையின் மேலே ஐ.எஸ். 269 என்றும், கீழே உரிம எண்ணும் அச்சாகியிருந்தன. எண் பொருந்தவில்லை என்று தரப் பிரிவினர் லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்; அன்றைய ஸ்லாப் வார்ப்பு நின்றுபோனது. உண்மையில் 2015இல் வெளியான ஐ.எஸ். 269இன் திருத்திய பதிப்பு 33, 43, 53 ஆகிய மூன்று கிரேடுகளையும் ஒன்றாக உள்ளடக்கிக்கொண்டது, ஐ.எஸ். 8112, ஐ.எஸ். 12269 ஆகிய தனித்தனித் தரநிலைகள் திரும்பப் பெறப்பட்டன. மூட்டை சரியானதே, ஸ்பெக் எழுதியவர் முந்தைய வேலையின் ஸ்பெக்கை அப்படியே நகலெடுத்திருந்தார். ஒரு தரநிலை திருத்தப்படலாம், இன்னொன்றோடு சேர்க்கப்படலாம், பல பகுதிகளாகப் பிரிக்கப்படலாம், மாற்று ஏதுமின்றித் திரும்பப் பெறவும்படலாம். ஆகவே உன் மாஸ்டர் லிஸ்டில், அதாவது பயன்படுத்தும் தரநிலைகளின் பதிவேட்டில், "இதன் இடத்தில் இப்போது எது" என்றொரு நெடுவரிசை அவசியம் இருக்க வேண்டும்.

திருத்தங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான பிழைகள் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன. ஐ.எஸ். 456:2000க்கு 2001 முதல் 2019 வரை ஐந்து திருத்தங்கள் வந்திருக்கின்றன. எங்கள் சர்வரில் "456" என்று தேடினால் ஏழெட்டு பி.டி.எஃப். வந்து விழும், ஒன்றில் மூன்று திருத்தங்கள், இன்னொன்றில் நான்கு, மற்றொன்றில் ஒன்றுமே இல்லை, அட்டையில் எல்லாமே 2000 என்றுதான் சொல்லும். திருத்தத் தாள் புத்தகத்தின் கடைசியில் தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும். உரிய விதியைப் புரட்டிப் படிப்பவர் கண்ணில் அது படவே படாது. ரயில்வேயில் அச்சடித்த கரெக்‌ஷன் ஸ்லிப்பை வெட்டி, கையேட்டின் உரிய பத்தியின் மேலேயே பசை போட்டு ஒட்டுவார்கள். அந்தப் பழைய முறைதான் எனக்கு இன்றும் சிறந்ததாகப் படுகிறது. பி.டி.எஃப். ஆனாலும் உரிய பக்கத்தின் ஓரத்தில் ஒரு குறிப்பு போட்டு வைக்கலாம். இந்தியத் தரநிலைகளை, அவற்றை வெளியிடும் அமைப்பான பி.ஐ.எஸ். இப்போது தன் தளத்திலேயே இலவசமாகத் தருவதால், யாரோ எப்போதோ ஸ்கேன் செய்த பிரதியை நம்பி இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அட்டையில் "மறு உறுதி செய்யப்பட்டது" என்று ஓர் ஆண்டு அச்சாகியிருந்தால், அதைப் பதிப்பின் ஆண்டாக எடுத்துக்கொள்ளாதே. மறுபரிசீலனையில் மாற்றம் தேவையில்லை என்று கண்டார்கள் என்பது மட்டுமே அதன் பொருள்.

ஒரு தரநிலைக்குள் இன்னொன்று மேற்கோளாக வரும் சிக்கலும் உண்டு. ஐ.எஸ். 456:2000இன் பிற்சேர்க்கையில் ஐ.எஸ். 383:1970, ஐ.எஸ். 12269:1987 என்று அன்றைய ஆண்டுகளோடு ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. புதிய பதிப்புகளைப் பயன்படுத்த முடியுமா என்று ஆராயும்படி அந்தத் தரநிலையே ஊக்குவிக்கிறது. இந்தக் கிளைகளை எல்லாம் கடைசிவரை துரத்திக்கொண்டு போனால் வேலை நடக்காது. பொருள்களுக்கும் சோதனை முறைகளுக்கும் உரியவற்றை மட்டும் பட்டியலில் ஏற்றுவது என் வழக்கம்.

வேலை பாதியில் இருக்கும்போது புதிய பதிப்பு வந்தால் என்ன செய்வது என்பதே எல்லாவற்றிலும் கடினமானது. 2016 டிசம்பரில், நிலநடுக்கத்தைத் தாங்கும் வடிவமைப்புக்கான ஐ.எஸ். 1893இன் முதல் பகுதி மாறியபோது, நிலநடுக்கப் பகுப்பாய்வில் தூண்களுக்கு 70 சதவீதமும் உத்தரங்களுக்கு 35 சதவீதமும் விறைப்பை எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற விதி வந்தது. 2002 பதிப்பில் இப்படி ஒரு விதி இல்லை. அடித்தளத்தை ஒரு பதிப்பிலும் மேல்கட்டுமானத்தை இன்னொரு பதிப்பிலும் கணக்கிட்டால், இரண்டுக்கும் இடையே விசைகளும் இடப்பெயர்ச்சிகளும் ஒட்டாமல் போகும். ஒரே வேலைக்குள் பதிப்புகளைக் கலக்காதே என்பதில் நான் சிறிதும் விட்டுக்கொடுப்பதில்லை. மாறுவதென்றால் முழுவதும் மாறி, அதன் விளைவை கிளையண்டுக்கு எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும்; மாறாவிட்டால், மாறாததற்கான காரணத்தையும் எழுதி வைக்க வேண்டும். மென்பொருளையும் மறந்துவிடாதே. எங்கள் மென்பொருளில் ஸ்டீல் வடிவமைப்புக்கு ஐ.எஸ். 800இன் 1984 பதிப்பும் 2007 பதிப்பும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒரு கிளிக் தவறினால் கணக்கு முறையே மாறிவிடும். அலமாரியை எவ்வளவு ஒழுங்காக வைத்திருந்தாலும் அதைத் தடுக்காது. உன் எக்செல் கணக்குத் தாள்களின் தலைப்பிலும் கோட் பதிப்பை எழுதச் சொல்.

மாறாக, பழையதைத் தெரிந்தே பயன்படுத்துவதும் உண்டு. எஸ்.பி. 16 என்ற வடிவமைப்பு உதவிப் புத்தகம் ஐ.எஸ். 456இன் 1978 பதிப்புக்காக 1980இல் வந்தது. இன்றும் அது இல்லாத மேசையை நான் பார்த்ததில்லை. வளைவுக் கணக்கின் அடிப்படை மாறாததால் அதைத் தெரிந்தே, ஒரு குறிப்போடு வைத்திருக்கிறோம். அதுபோல 2010இல் திரும்பப் பெறப்பட்ட, கான்கிரீட்டுக்கான பிரிட்டிஷ் தரநிலையான பி.எஸ். 8110ஐ இன்னும் கேட்கும் வளைகுடா வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். ஒப்பந்தம் கேட்டால் கொடுக்க வேண்டியதுதான்.

உன் பட்டறையில் நான் முதலில் தேடப் போவது அலமாரியை அல்ல, சுவர்களைத்தான். வெல்டிங் பிரிவில் லேமினேட் செய்து ஒட்டியிருக்கும் ப்ரீஹீட் (வெல்டிங்குக்கு முன் சூடேற்றுவதற்கான) அட்டவணை எந்தப் பதிப்பின் எந்தப் பக்கம்? நகல் எடுக்கும்போது தலைப்பு வரி வெட்டுப்பட்டு, ஆண்டே தெரியாமல் போயிருக்கும். அலமாரிப் புத்தகத்தை வருஷத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டர்தான் திறக்கிறார். சுவரில் இருப்பதைத் தினமும் வெல்டர் பார்க்கிறார். அப்படிப்பட்ட தாள்களை எல்லாம் கழற்றி, எண், பதிப்பு, எடுத்த தேதி, பொறுப்பாளர் கையெழுத்து ஆகியவற்றோடு மீண்டும் ஒட்டச் சொல். எங்கெங்கே ஒட்டியிருக்கிறது என்பதையும் பதிவேட்டில் குறித்துக்கொள். மாற்றம் வரும்போது திரும்ப எடுக்க அந்தக் குறிப்பு இல்லாமல் முடியாது.

இந்தப் பதிவேட்டுக்கு ஒரே ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும். மலருக்கு இதைக் கொடுத்தால் ஆறே மாதத்தில் உன் வேலைகள் அனைத்தின் நெளிவு சுளிவும் அவளுக்குப் பிடிபட்டுவிடும். ஆனால் எந்தப் பதிப்பு என்று முடிவு செய்யும் அதிகாரம் வடிவமைப்புப் பொறியாளரிடமே இருக்க வேண்டும். பதிவேட்டை வைத்திருப்பவரே முடிவும் எடுத்தால், அது லேட்டஸ்ட் பட்டியலாகவே முடிந்துவிடும் என்பதை இரண்டு மூன்று அலுவலகங்களில் பார்த்துவிட்டேன்.

இன்ஸ்பெக்டரின் அறிக்கைக்குப் பதில் எழுத இன்னும் அவகாசம் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தக் கலனின் பர்சேஸ் ஆர்டரையும், அதற்குப் பின் வந்த திருத்தக் கடிதங்களையும் ஸ்கேன் செய்து அனுப்பு. ஒப்பந்தத் தேதியைப் பார்த்துவிட்டுப் பதிலின் வரைவை நானே எழுதித் தருகிறேன். தங்கைக்கு என் அன்பைச் சொல். தீபாவளிக்குத் திருச்சி வரும்போது பட்டறையைச் சுற்றிக் காட்டு.

உன் அன்புள்ள,
ரகு