படத்துக்குக் கீழே ஆண்டு போடுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

கும்பகோணத்தில் 30 வருஷமாக நாடக டிரெஸ் தைத்து வாடகைக்கு விட்டுவருகிறேன். ராஜராஜ சோழன் பிறந்த நட்சத்திரத்தில் கொண்டாடும் சதய விழாவையொட்டி நம் நாளிதழ் இணைப்பில் வந்த அவர் படத்தைப் பற்றியே இந்தக் கடிதம். கழுத்துவரை பட்டன் வைத்த சிவப்பு வெல்வெட் அங்கி, தோளில் ஜரிகைக் குஞ்சம், காலில் முனை வளைந்த செருப்பு. யார் வரைந்தது, எப்போது வரைந்தது என்று ஒரு வரிகூட இல்லை.

அந்த வாரமே நாலு பேர் அந்தத் தாளோடு கடைக்கு வந்துவிட்டார்கள். பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிக்கு அப்படியே தைத்துத் தர வேண்டுமாம். ஒரு அம்மாவிடம், “அந்தக் காலத்து ராஜாவுக்கு வேட்டியும் நகையும்தாம்மா, மேலுக்குச் சட்டை வேண்டாம்” என்றேன். “பேப்பர்லயே போட்டிருக்காங்களே அண்ணே” என்றார். சரி என்று தைத்துக் கொடுத்துவிட்டேன். மனசு ஒப்பவில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றிய உள்நடையில் சோழர் கால ஓவியங்கள் இருக்கின்றன. நாயக்கர் காலத்தில் அவற்றின் மேலேயே வேறு ஓவியம் தீட்டிவிட்டார்கள். 1931-இல் வரலாற்று ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டு சொன்ன பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. உள்ளே எல்லோரையும் விடுவதில்லை. படமெடுத்து வைத்திருப்பதைத்தான் நானும் பார்த்தேன். மன்னரின் குரு என்று சொல்லப்படும் கருவூர்த் தேவருக்குப் பின்னால் நிற்பவரை ராஜராஜன் என்கிறார்கள். முடியைத் தூக்கிக் கொண்டை போட்டிருக்கிறார். கிரீடம் இல்லை, தோளில் துணி இல்லை. ஆடும் பெண்களையும் உற்றுப் பார்த்தேன். நகை நிறைய, தையல் போட்ட துணி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை, எல்லாம் சுற்றிக் கட்டியதுதான். ஊசியும் நூலுமே பிழைப்பான எனக்கு அதுதான் முதலில் தெரிந்தது.

அங்கேயே தேவாரம் பாடிய சுந்தரரின் கல்யாணக் காட்சியும் இருக்கிறது. சுந்தரர் அந்த ஓவியருக்கு இருநூறு வருஷத்துக்கும் முந்தியவர். தன் கண்ணெதிரே ஆட்கள் உடுத்தியிருந்ததைப் பார்த்துத்தானே ஓவியர் எழுதியிருப்பார்? ரவிவர்மா 1899-இல் வரைந்த தமயந்தி கட்டியிருக்கும் சிவப்புப் புடவையும் அப்படித்தான், அவர் காலத்துப் புடவை. அதில் தப்பே இல்லை. வரைந்த ஆண்டு தெரிந்தால் அது யார் காலத்து உடுப்பு என்று பார்க்கிறவருக்குப் புரிந்துவிடும்.

ஆகவே சரித்திரப் படம் எதை வெளியிட்டாலும் ஓவியர் பெயரையும் ஆண்டையும் கீழே போடுங்கள். அடுத்த சதய விழாவுக்குப் பெரிய கோயில் ஓவியத்தையே அரைப் பக்கத்துக்குப் போட்டால், வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டிவைப்பேன். வருகிற தாய்மார்களிடம் காட்ட எனக்கு அது வேண்டும்.

இப்படிக்கு,
நாடக டிரெஸ் தையற்காரர்,
கும்பகோணம்