காலத்தின் மேல் பழி போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மலரில் எங்கள் நாகப்பட்டினத்தைப் பற்றிய கட்டுரையை ஆவலோடு பிரித்தேன். 'சூடாமணி விகாரம் காலப்போக்கில் அழிந்துபோனது' என்ற வரிக்கு மேல் படிக்க மனம் வரவில்லை.

காலப்போக்கிலா, ஐயா? சோழர் காலப் பௌத்த மடமான அந்த விகாரத்தின் எச்சம் என்று பலரும் கருதும் புதுவெளிக் கோபுரம் 1867 வரை நின்றது. 1846-இல் பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட் நேரில் பார்த்துக் குறிப்பு எழுதியிருக்கிறார். சதுரமான மூன்று நிலைக் கோபுரம். சாந்து இல்லாமல் நெருக்கி அடுக்கிய செங்கல். பக்கத்துக்கு ஒரு திறப்பு. கூரை இல்லை, சுவர் இருந்தது. கடலில் வருகிறவர்களுக்கு அதுதான் கரையின் அடையாளம். கிறித்தவத் துறவிகளான இயேசு சபையினர் இடிக்க அனுமதி கேட்டார்கள், சென்னை அரசு கொடுத்தது. இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல.

சில ஆண்டுகளுக்கு முன் தங்கள் இதழிலேயே நாகை வெண்கலப் புத்தர் படத்துக்குக் கீழே 'சமணர் சிலை' என்று அச்சாகியிருந்தது. உச்சியில் தீச்சுடர் எழும் அந்த முடியைப் பார்த்தாலே யாரென்று தெரியும். அன்றும் எழுதினேன்; பதில் இல்லை. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பனாக வணங்கப்பட்டவர் புத்தர்தான் என்று 2022-இல் உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. நம் பார்வை அவ்வளவு மங்கிக் கிடக்கிறது.

முப்பத்தொரு ஆண்டுகள் வரலாறு நடத்தியவன் நான். ஸ்ரீவிஜய மன்னன் எழுப்பிய விகாரத்துக்கு இராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்ததைப் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஆனால் இங்கே கிடைத்த ஒரு வெண்கலப் பீடத்தில், திருவுற்சவம் எழுந்தருளும் 'ஆழ்வார்' என்று புத்தரைத் தமிழில் பொறித்திருக்கிறது என்றபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. "புத்தர் நம் தெருவில் உலா வந்தாரா ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவளைப் போன்றவர்கள் தங்கள் இதழையும் படிக்கிறார்கள். கோபுரம் தானாக உதிர்ந்ததென்று அவர்களிடம் சொல்வது எனக்குத் தாங்கவில்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. 'புதுவெளிக் கோபுரம் 1867-இல் இடிக்கப்பட்டது' என்று அடுத்த மலரில் ஒரு வரித் திருத்தம் வெளியிடுங்கள். பழைய கோபுரச் சித்திரத்துக்கும் இடமிருந்தால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
நாகப்பட்டினம்