ராத்திரிக்கு ஏற்ற குரல்

மடிப்பாக்கம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள கௌரி,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நீ கையால் எழுதியதைப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது! உறைமேல் அந்த வலப்பக்கம் சாய்ந்த எழுத்தைக் கண்டதும், எஸ்.எஸ்.எல்.சி. படிக்கும்போது உன் வரலாறு நோட்டை வாங்கிவந்து விடிய விடிய எழுதிய ஞாபகம் வந்துவிட்டது. மூன்று தடவை படித்தேன். உன் வீட்டுக்காரர், அண்ணன், வலது காலை ஊன்ற ஆரம்பித்திருக்கிறார் என்ற வரியை இவருக்கும் வாசித்துக் காட்டினேன். இவர் ஒன்றும் சொல்லவில்லை, எழுந்துபோய் சாமி விளக்கை ஏற்றிவிட்டு வந்தார். பேச்சுதான் இன்னும் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். வரும் கௌரி. மெல்ல வரும்.

கடைசிப் பக்கத்தில் நீ கேட்டிருந்ததற்குத்தான் இந்தக் கடிதமே. "அவர் தூங்கின பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கிறதில்லை. ஏதாவது பாட்டு சொல்லு, சத்தமில்லாத பாட்டா. அவர் முழிச்சுக்கக் கூடாது." இதைப் படித்ததும் உனக்கு யாரைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு நொடிகூட யோசனை வரவில்லை. பி.பி.ஸ்ரீநிவாஸ்.

உனக்கு ஆச்சரியமாக இருக்கும். மன்னார்குடியில் உங்கள் வீட்டுத் திண்ணையில் ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்து, இலங்கை வானொலியில் அவர் பாட்டு வந்தால் "ஐயோ, அழுமூஞ்சிப் பாட்டு" என்று முணுமுணுத்தவர்கள்தானே நாம். உனக்கு டி.எம்.எஸ். என்றால் உயிர். எனக்கு சுசீலா போதும். நடுவில் இவர் பாடினால் தண்ணீர் குடிக்க எழுந்து போவோம். அந்த வயசுக்கு அப்படித்தான் இருந்தது. அப்போது நமக்கு வேண்டியிருந்தது தெருக்கோடி வரை கேட்கிற குரல்.

போன புரட்டாசியில் எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள் என்று ஃபோனில் சொன்னேன் இல்லையா. அப்போதுதான் இது நடந்தது. முதல் வாரம் டி.வி. கிடையாது, புத்தகம் கிடையாது, ஃபோனையும் பெண் பிடுங்கி வைத்துக்கொண்டாள். கறுப்புக் கண்ணாடியோடு கட்டிலில் கிடந்தேன். பையன் ஒரு பென்டிரைவில் இருநூறு பாட்டு போட்டுக் கொடுத்தான். எல்லாரும் இருந்தார்கள் அதில். மூன்றாம் நாள் ராத்திரி 'நிலவே என்னிடம் நெருங்காதே' வந்தது. ஐம்பது வருஷமாகக் காதில் விழுந்த பாட்டு. ஆனால் அன்றைக்குத்தான் கேட்டேன் என்று சொல்ல வேண்டும்.

1966இல் வந்த 'ராமு' படத்துப் பாட்டு. பாகேஸ்ரீ ராகம் என்பார்கள். எனக்கு ராகம் கண்டுபிடிக்கத் தெரியாது, உனக்குத் தெரியும், நீ பார்த்துச் சொல். நான் கவனித்தது வேறு. அது ஒரு மறுப்புப் பாட்டு. அன்போடு வந்து நிற்பவரை, வேண்டாம், இங்கே வராதே என்று அனுப்பி வைக்கிற பாட்டு. அப்படி ஒன்றைப் பாடும்போது குரலில் கோபம் வரலாம், தன்னிரக்கம் பொங்கலாம். இவர் குரலில் இரண்டும் இல்லை. வந்தவர் மனசு நோகக் கூடாதே என்கிற கவலை மட்டும்தான் இருக்கிறது. அடி முடிகிற இடத்தில் குரலை நிறுத்துவதில்லை கௌரி, கரைய விடுகிறார். ஈரத் துணியை முகத்தில் ஒற்றி எடுப்பது மாதிரி. நான் கண்ணை மூடியே கிடந்தேன், மருந்து போட்ட கண்ணில் தண்ணீர் வரக் கூடாது என்று டாக்டர் சொன்னதெல்லாம் அப்போது ஞாபகம் வரவில்லை.

அதற்கப்புறம் அந்த வாரம் முழுக்க அவர்தான். டி.எம்.எஸ். பாடினால் கொட்டகையில் கடைசி பெஞ்சுக்காரன் வரை எழுந்து உட்காருவான், அது ஒரு பெரிய வரம், அதை நான் குறைக்கவில்லை. இவர் பாடும்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நமக்கு மட்டும் சொல்கிற மாதிரி இருக்கிறது. மைக் கிட்டே இருக்கிறது, எதற்குக் கத்த வேண்டும் என்று முதலில் புரிந்துகொண்டவர்களில் இவர் ஒருவர் என்று நினைக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், ஒலியை எவ்வளவு குறைத்து வைத்தாலும் இந்தக் குரலில் ஒன்றும் குறையாது. உன் வீட்டு ராத்திரிக்கு அதுதானே வேண்டும்.

அடுத்தது 'மயக்கமா கலக்கமா'. 1962, 'சுமைதாங்கி'. கண்ணதாசன் எழுதியது, விஸ்வநாதன் ராமமூர்த்தி இசை. இந்தப் பாட்டைப் பற்றி வாலி பல இடங்களில் சொல்லியிருக்கிறார். சென்னையில் வாய்ப்பு இல்லாமல் அலைந்து, போதும் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப இருந்த நேரத்தில் ஸ்ரீநிவாஸ் இதைப் பாடிக் காட்ட, மனசு மாறி இங்கேயே தங்கிவிட்டாராம். நமக்கு வாலியே கிடைத்தது அதனால்தான் என்று நினைக்கும்போது சிலிர்க்கிறது.

ஆனால் உன்னிடம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் கோடிப்பேர் இருக்கிறார்கள், அவர்களை நினைத்து ஆறுதல் அடை என்று ஒரு இடம் வருமே, அதை நான் இன்றும் முழுசாக ஏற்றுக்கொள்ளவில்லை. அடுத்தவன் வலி பெரிது என்பதால் என் வலி எப்படிச் சின்னதாகும்? உன் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் உன்னிடம் இதைத்தானே சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்று எழுதியிருந்தாய். "எங்க பெரியப்பாவுக்கு இதைவிட மோசம்" என்று. அப்படிச் சொல்லும்போது உனக்கு என்ன பதில் சொல்லத் தோன்றும் என்று எனக்குத் தெரியும்.

இருந்தாலும் இந்தப் பாட்டை உனக்கு அனுப்புகிறேன். ஏன் தெரியுமா? அது எப்படி ஆரம்பிக்கிறது என்று பார். கேள்வியில் ஆரம்பிக்கிறது. மயக்கமா, கலக்கமா, குழப்பமா, நடுக்கமா என்று உனக்கு என்ன செய்கிறது என்று முதலில் விசாரிக்கிறது. புத்தி சொல்வதெல்லாம் பின்னால்தான். ஸ்ரீநிவாஸ் அந்தக் கேள்வியைக் கேட்கிற விதம் இருக்கிறதே, பதில் சொல்லும்வரை காத்திருப்பார் போலத் தோன்றும். எனக்கு அந்த இரண்டு அடி போதும்.

ஸ்ரீநிவாஸை ஒருதரம் நேரில் பார்த்திருக்கிறேன், உன்னிடம் சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. கதீட்ரல் ரோட்டில் டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் இருந்தது அல்லவா, இப்போது செம்மொழிப் பூங்கா இருக்கிற இடம். 2008இல் மூடினார்கள். அதற்குப் பல வருஷம் முன்னால் ஒரு சனிக்கிழமை நானும் என் வீட்டுக்காரரும் போயிருந்தோம். ஒரு மேஜையில் தலையில் ஜரிகைத் தொப்பி, தோளில் சால்வை, சட்டைப் பையில் வண்ண வண்ணமாகப் பேனாக்கள். குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். சட்டைப் பையைப் பார்த்துத்தான் என் வீட்டுக்காரர் சொன்னார், "பி.பி.எஸ்." என்று. எட்டு மொழியில் கவிதை எழுதுகிறவர், அங்கே உட்கார்ந்துதான் எழுதுவார் என்பது பிறகு தெரிந்தது. காக்கிநாடாவில் பிறந்தவர், தெலுங்கர். கன்னடத்தில் ராஜ்குமாருக்கு எத்தனையோ வருஷம் இவர்தான் குரல், இங்கே ஜெமினி கணேசனுக்கு. எல்லா ஊருக்கும் சொந்தமாக இருந்துவிட்டு, ஒரு காபியோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து போய் வணக்கம் சொல்லவில்லை. எழுதுகிறவரை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று நினைத்தேன். 2013இல், சித்திரை வருஷப் பிறப்பன்று அவர் போய்விட்டார் என்று செய்தி வந்தபோது, அன்றைக்கு இரண்டடி நடந்து போயிருக்கலாமே என்று இருந்தது. இன்னும் இருக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'காலங்களில் அவள் வசந்தம்' உனக்கே தெரியும், 'பாவ மன்னிப்பு', 1961. நான் மாதங்களில் மார்கழி, பருவங்களில் வசந்தம் என்று கீதையில் கண்ணன் தன்னைப் பற்றிச் சொன்னதை எடுத்து ஒரு பெண்ணுக்குச் சூட்டியிருக்கிறார் கண்ணதாசன், அதை மனசில் வைத்துக் கேட்டுப் பார். 'பொன் என்பேன் சிறு பூ என்பேன்' ஜானகியோடு பாடியது, சாயங்காலம் கேட்க நன்றாக இருக்கும். 'எதிர்நீச்சல்' படத்துத் 'தாமரைக் கன்னங்கள்', வி.குமார் இசை, அந்த மனிதரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. பேரன் வந்தால் 'சின்னச் சின்னக் கண்ணனுக்கு' போடு, நீயும் தூங்கிவிடுவாய்.

சுசீலா பாட்டு ஒன்றே ஒன்று சேர்த்திருக்கிறேன். 'மாலைப் பொழுதின் மயக்கத்திலே', 'பாக்கியலட்சுமி' படம், அதுவும் 1961தான். இளம் வயசிலேயே விதவையானவள் தான் கண்ட கனவைத் தோழியிடம் சொல்கிறாள். மனசில் இருந்தும் வார்த்தை வரவில்லையே, ஏன் தோழி என்று நடுவில் கேட்பாள். பள்ளியில் நீ இதை ஆண்டு விழாவில் பாடினாய், மஞ்சள் தாவணி கட்டிக்கொண்டு. அப்போது நமக்கு அது அழகான மெட்டு, அவ்வளவுதான். இதை மட்டும் ராத்திரியில் தனியாகக் கேட்காதே. நான் வந்த பிறகு இரண்டு பேரும் சேர்ந்து கேட்போம்.

இன்னொரு பாட்டு இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். 'மௌனமே பார்வையால்'. 1966இல் வந்த 'கொடிமலர்'. வாய் பேச முடியாத பெண்ணைப் பார்த்து அவன் பாடுகிறான். பேச்சு வரவில்லை என்பதை ஒரு குறையாகவே அவன் பேசவில்லை. கண்ணால் ஒரு பாட்டுப் பாடு என்று கேட்கிறான், நான் கேட்டுக்கொள்கிறேன் என்கிற மாதிரி. ஸ்ரீநிவாஸ் 'மௌனமே' என்று கூப்பிடும்போது அது ஒரு ஆளின் பெயராகிவிடுகிறது.

நீ தவறாக எடுத்துக்கொள்ள மாட்டாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். அண்ணனுக்குப் பேச்சு நின்று எட்டு மாசம் ஆகிறது. இத்தனை நாளில் அவர் என்ன சொல்ல வருகிறார் என்று அவர் கண்ணைப் பார்த்தே நீ கண்டுபிடித்துவிடுகிறாய் என்று உன் மருமகள் சொன்னாள். தண்ணீரா, ஃபேனா, தலையணையா என்று. அந்த அளவுக்குப் பார்க்கத் தெரிந்தவள் நீ. இந்தப் பாட்டு உங்கள் இரண்டு பேருக்கும் முன்பே தெரிந்த ஒன்றைத்தான் சொல்லப் போகிறது. பேச்சு போனவர்களில் சிலருக்கு, தெரிந்த பாட்டின் சொற்கள் தானாக வாயில் வருவது உண்டு என்று டாக்டர்களே சொல்கிறார்கள். அதற்காக இதை மருந்தாக அனுப்பவில்லை. ஒன்றும் நடக்காவிட்டாலும் பரவாயில்லை. நல்ல பாட்டு, இரண்டு பேரும் கேளுங்கள் என்றுதான்.

யூடியூபில் போடாதே. நடுவில் விளம்பரம் அலறும், அந்த நேரத்தில் தூக்கிவாரிப் போடும். பையனிடம் சொல்லி எல்லாவற்றையும் தனிப் பென்டிரைவில் போட்டுக் கொரியரில் அனுப்பியிருக்கிறேன், செவ்வாய்க்கிழமைக்குள் வந்துவிடும். உன் மருமகள் வைத்திருக்கிறாளே சின்ன ஸ்பீக்கர், அதில் சொருகினால் பாடும். கட்டில் பக்கம் வைக்காமல் ஜன்னல் பக்கம் வை.

இங்கே வேறு பெரிய செய்தி இல்லை. இடது கண்ணுக்கு மார்கழியில் நாள் கொடுத்திருக்கிறார்கள். பெண்ணுக்குத் திருச்சிக்கு மாற்றல் கேட்டிருக்கிறோம், கிடைத்தால் உனக்கும் எனக்கும் பாதி தூரம் குறையும். எதிர்வீட்டு மாமரத்தை வெட்டிவிட்டார்கள், காலையில் குயில் சத்தம் இல்லை. தை பிறந்ததும் மன்னை எக்ஸ்பிரஸில் கிளம்பி வருகிறேன், பத்து நாள் இருப்பேன். ராத்திரி முறை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ உள்ளே போய்ப் படுத்துத் தூங்க வேண்டும். இதில் பேச்சே கிடையாது.

'மௌனமே' பாட்டை மட்டும் ராத்திரியில் போடாதே. சாயங்காலம் அண்ணனை நாற்காலியில் உட்காரவைத்து ஹரித்ராநதிப் பக்கம் திருப்பி வைப்பாயே, அப்போது போடு. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கு எழுது. ஃபோனில் சொல்லாதே, எழுது.

உன்
மீனா