கோர்தோபாவில் படிக்கும் மகளுக்கு

கிளிநொச்சி.

அன்பு மகளுக்கு,

ஸ்பானிய மொழிப் பத்திரிகையை அகராதியின்றி வாசிக்க முடிகிறது, விரிவுரையாளர் பேசுவதும் விளங்குகிறது, ஆனால் குவாதல்கிவிர் ஆற்றோரத்துக் கமக்காரர்களிடம் நீர்ப்பாசனம் பற்றிக் கேட்டால் அவர்கள் சொல்வதில் பாதி பிடிபடுவதில்லை என்று எழுதியிருந்தாய். அதற்காகத் தினமும் புதிய சொற்களை மனனம் செய்வதாகவும் சொல்லியிருந்தாய். அதை நிறுத்திவிடு, பிள்ளை. நீ தவறவிடுபவற்றில் பெரும்பாலானவை உனக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்கள்தாம். கண்ணுக்குத் தெரிந்தவற்றைக் காது இன்னும் அறியவில்லை.

நான் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், வேலை செய்த காலத்தில் இதைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். சிங்கள எழுத்துப் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்த உத்தியோகத்தர்களே, கொழும்பிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தால் ரிசீவரைப் பக்கத்து மேசைக்காரரிடம் நீட்டிவிடுவார்கள். சுற்றறிக்கை வாசிக்கத் தெரிந்த அவர்களுக்கு, பேசுபவர் விழுங்கும் எழுத்துகளைக் கேட்டுப் பழக்கம் இருக்கவில்லை.

ஸ்பானிய மொழியிலும் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ‘பேசப்போகிறார்’ என்பதற்கு அவர்கள் ‘வா ஆ ஆப்லார்’ என்று மூன்று சொற்கள் எழுதினாலும், பேச்சில் வருவது ‘வாப்லார்’ என்ற ஒரே ஓட்டம். உயிரும் உயிரும் சந்தித்தால் நாம் பெரும்பாலும் நடுவில் உடம்படுமெய் வைப்போம். அவர்கள் இரண்டையும் ஒரே அசையாக இறுக்கிவிடுவார்கள். ஆனால் ‘எனக்கு இது’ நம் வாயில் ‘எனக்கிது’ ஆவதை நினைத்துப் பார்த்தால், இந்தப் பழக்கம் உனக்கு முற்றிலும் புதிதல்ல என்பது தெரியும். ‘அது’ என்னும்போது நமது தகரம் மென்மையாவது போலவே அவர்களது தகரமும் உயிர்களுக்கு நடுவே மென்மையாகிறது. சாதாரணப் பேச்சில் அது மறைந்தே போவதும் உண்டு. ‘பாசனம் செய்யப்பட்ட’ என்று பொருள்படும் ‘ரெகாதோ’ உன் கமக்காரர் வாயில் ‘ரெகாவோ’ என்று வந்தால் திகைக்காதே.

நீ இருக்கும் தென் ஸ்பெயினின் ஆந்தலூசியா மாநிலத்தில் அசையின் இறுதியில் நிற்கும் ஸகரமும் மூச்சாகத் தேய்ந்துவிடும், அல்லது அடியோடு விழுந்துவிடும். ‘லோஸ் காம்போஸ்’ என்பது ‘லோ காம்போ’ என்று கேட்கும். அப்படியானால் ஒரு வயலா பல வயல்களா என்று எப்படி அறிவது? முன்னால் நிற்கும் சிறு சொல்லைக் கவனி: ‘எல் காம்போ’ ஒருமை, ‘லோ காம்போ’ பன்மை. இதைப் பாடநூல் ஒலிப்பதிவுகள் உனக்குக் கற்றுத் தந்திருக்காது, ஏனென்றால் அவற்றில் பேசுபவர்கள் ஒவ்வோர் எழுத்தையும் கழுவித் துடைத்து வைக்கிறார்கள்.

வேகம் உன்னை மிரட்ட வேண்டியதில்லை. பிரான்ஸின் லியோன் நகர ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஒப்பீட்டில் ஸ்பானிய மொழி நொடிக்கு ஏறத்தாழ 7.8 அசைகளும் ஆங்கிலம் ஏறத்தாழ 6.2 அசைகளும் கொண்டிருந்தன. ஆனால் ஸ்பானிய மொழியின் ஓர் அசை சுமக்கும் தகவல் ஆங்கில அசையினதைவிடக் குறைவு. ஆகவே ஓரிரு அசைகள் நழுவினாலும் பொருள் தப்பாது. ஒலிப்பதிவை மெதுவாக்கிக் கேட்பதில் எனக்கு அதிக நம்பிக்கை இல்லை, ஏனென்றால் பேசியவர் உச்சரிக்காத எழுத்தை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது.

சமைக்கும்போது மணிக்கணக்கில் வானொலியை ஓடவிடுவதாகச் சொன்னாய். அது தாளத்தைப் பழக்கும், அவ்வளவுதான். அதைவிட, ஒரு நிமிடத் துண்டை எடுத்து, எழுத்து வடிவத்தைப் பார்க்காமல் சில முறை கேட்டு, கேட்டதைக் கையால் எழுது; பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, தவறவிட்ட இடத்தில் சொல் தெரியவில்லையா, அல்லது தெரிந்த சொல் உருமாறி வந்ததா என்று குறித்துக்கொள். உருமாறி வந்த இடங்களை மட்டும் மறுபடி கேட்டு, அதே ஓட்டத்தில் வாய்விட்டுச் சொல். ‘ராடியோ அம்புலாந்தே’ என்ற ஒலிநிகழ்ச்சி முழு எழுத்து வடிவத்தையும் வெளியிடுகிறது. ஆனால் அதன் குரல்கள் பெரும்பாலும் லத்தீன் அமெரிக்காவினுடையவை. உன் ஊர்ப் பேச்சுக்கு ஆந்தலூசியாவின் பொது ஒளிபரப்பான ‘கனல் சுர்’ நிலையத்தில் வரும் விவசாய, மீன்பிடி நிகழ்ச்சி ‘தியெர்ரா இ மார்’ மிகவும் பொருத்தம். திரைப்படம் பார்ப்பதானால் ஸ்பானிய மொழியிலேயே எடுக்கப்பட்டதைப் பார். குரல் மாற்றிய படங்களில் பேச்சு ஒன்றாகவும் கீழே ஓடும் எழுத்து வேறொன்றாகவும் இருப்பதுண்டு. ஆங்கில எழுத்து ஓடவிட்டால் நீ வாசிப்பாய், கேட்கமாட்டாய்.

கமக்காரரைச் சந்திக்கப் போகுமுன், அன்று வரக்கூடிய சொற்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போ: சொட்டுநீர்ப் பாசனத்துக்கு ‘ரியெகோ போர் கோத்தெயோ’, அதோடு மணிநேரக் கணக்குகள், கன மீற்றர் அளவுகள். விளங்காதபோது ‘மறுபடி சொல்லுங்கள்’ என்று மட்டும் கேட்டால் அவர் அதே வேகத்தில் அதையே சொல்வார். விளங்கிய பாதியை நீ திருப்பிச் சொல்லி, மீதி இடத்தில் ‘எத்தனை மணிக்கு?’ என்று நிறுத்து. அவர் அந்த ஒரு சொல்லை மட்டும் தெளிவாகத் தருவார். அவர் சம்மதித்தால் உரையாடலைப் பதிவு செய்து, மேலே சொன்ன ஒரு நிமிடப் பயிற்சியை அதிலேயே செய். தொலைபேசி விசாரணைகளை இப்போதைக்குத் தள்ளிவை, நேரில் உதவும் வாயசைவும் கையசைவும் அதில் இல்லை.

அடுத்த கடிதத்தில் நீ தவறவிட்ட இடங்களின் பட்டியலை எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
அப்பா