சாதாரண ஆண்டில் பிறந்தவள் கேட்பது

மயிலாடுதுறை,
பராபவ ஆண்டு, சித்திரை 27
(10.05.2026)

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நேற்று இரவு பேசும்போது, அப்பாவின் அறுபதாம் கல்யாணத்திற்கு உனக்கு என்னம்மா வேண்டும் என்று கேட்டாய். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். உனக்கோ அலுவலகத்திலிருந்து வந்து இன்னும் சாப்பிடவில்லை என்ற அவசரம். ஒரு புடவை போதும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தேன். அது உண்மையான பதில் இல்லை. உண்மையான பதிலைச் சொல்ல வேண்டுமானால் நான்கு மாதமாக உன்னிடம் மறைத்த ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால், எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அப்பாவின் சேதி. அவர் பிறந்தது 1966 ஆவணியில், பராபவ ஆண்டில். அறுபது ஆண்டுச் சுற்று முடிந்து அதே பராபவ இந்தச் சித்திரையில் திரும்பி வந்துவிட்டது. ஆவணியில் அவருடைய நட்சத்திரம் வரும் நாளில் சஷ்டியப்தபூர்த்தி. அதே ஆகஸ்ட் 31ஆம் தேதி பணி ஓய்வு. பழையபடி ஐம்பத்தெட்டு வயதே இருந்திருந்தால் 2024லேயே வீட்டுக்கு வந்திருப்பார். 2020இல் ஐம்பத்தொன்பது ஆக்கினார்கள், மறு ஆண்டே அறுபது ஆக்கினார்கள், இவரும் இரண்டு ஆண்டு கூடுதலாகக் கருவூலத்தில் உட்கார்ந்துவிட்டார். முப்பத்தைந்து ஆண்டுகளாக ஊரில் உள்ளவர்களின் ஓய்வூதியக் காகிதங்களையெல்லாம் சரிபார்த்து, ஒரு புள்ளி விடுபட்டாலும் திருப்பி அனுப்பிய மனிதர், இப்போது தன்னுடைய காகிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு, இருவரும் சேர்ந்து எடுத்த புகைப்படத்தில் என் கண் பாதி மூடியிருக்கிறது என்று இரண்டு முறை ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனார். 2003 ஏப்ரலுக்கு முன்பே வேலையில் சேர்ந்தவர் என்பதால் பழைய ஓய்வூதியம் வந்துவிடும். பணத்தைப் பற்றி நீ கவலைப்படாதே. செப்டம்பர் முதல் தேதி காலை ஒன்பது மணிக்கு அவர் என்ன செய்வார் என்பதுதான் என் கவலை. ஓய்வுக்குப் பயிற்சி என்று தை மாதத்தில் விடியற்காலை நடைப்பயிற்சி தொடங்கினார். பதினோரு நாள் நடந்தது.

விழாவைப் பற்றி உன் அண்ணனுக்கும் எனக்கும் சிறு பிணக்கு. அவன் ஊரிலேயே மண்டபம் பிடித்து ஐந்நூறு பேரை அழைக்க வேண்டும் என்கிறான்; குழந்தைக்குக் காது குத்தலையும் அதிலேயே சேர்த்துவிடலாம் என்பது அவன் கணக்கு. (காது குத்தல் தனியாக நடக்கட்டும் என்று மருமகள் சொல்லிவிட்டாள். அவள் சொல்வதே சரி.) எனக்குத் திருக்கடையூர் போதும். மார்க்கண்டேயனுக்காகக் காலனையே உதைத்த இடத்தில் நின்று ஆயுளைக் கேட்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. அங்கே நாள்தோறும் நம்மைப் போல எத்தனையோ குடும்பங்கள் வருகின்றன; ஒரு தூணருகே அறுபது, அடுத்த தூணருகே எண்பது, யாருடைய நாதஸ்வரம் யாருக்கு வாசிக்கிறது என்றே தெரியாது. அந்தக் கூட்டத்தில் நாமும் ஒரு குடும்பமாக இருந்துவிட்டு வருவது எனக்குப் பிடித்திருக்கிறது. மண்டபத்தில் மேடை போட்டு உட்கார வைத்தால் உன் அப்பா நாள் முழுவதும் வேர்த்துக்கொண்டிருப்பார். புடவைக்கும் நீ அங்கே அலைய வேண்டாம். கூறைப் புடவை பிறந்த கூறைநாடே நம் ஊரில் இருக்கும்போது, நீ ஸ்டுட்கார்ட்டில் உட்கார்ந்து கைப்பேசியில் புடவை தேடுவதைக் கேட்டால் பக்கத்து வீட்டு மாமி சிரிப்பார்.

நீ வரத் தயங்குவதன் காரணம் எனக்குத் தெரியும். விடுப்புக் கிடைக்குமோ என்னவோ என்று நீ இழுத்தபோதே புரிந்தது. இருபத்தொன்பது வயது ஆகிறதே, அடுத்தது உன் கல்யாணம்தானே என்று அத்தைகள் கேட்பார்கள். கேட்கத்தான் செய்வார்கள், அவர்களுக்கு வேறு கேள்வி தெரியாது. என்னையும் அப்படித்தான் வரிசையாகக் கேட்டார்கள்: 1993இல் கல்யாணம் ஆனவுடன் விசேஷம் உண்டா என்று, உன் அண்ணன் பிறந்தவுடன் அடுத்தது எப்போது என்று, நீ பிறந்தவுடன் பெண்ணா என்று. ஒவ்வொன்றுக்கும் நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி தயாராக இருந்தது. இந்த முறை அவர்களுக்குப் பதில் சொல்லும் வேலையை எனக்கு விட்டுவிடு. நீ ஒரு வாரம் வந்து, சாப்பிட்டு, தூங்கி, அன்றைக்கு எங்கள் தலையில் கலசத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனால் போதும்.

இனி என் சேதி. அறுபதாம் கல்யாணத்தில் கணக்கில் வருவது கணவரின் வயதுதான். மனைவியின் வயதை யாரும் கேட்பதில்லை. நான் பிறந்தது 1970 கார்த்திகையில். அந்த ஆண்டின் பெயர் என்ன தெரியுமா? சாதாரண. வேடிக்கைக்குச் சொல்லவில்லை, பஞ்சாங்கத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. அது மறுபடி 2030இல் வரும். அதற்கு யாரும் கலசம் வைக்கப் போவதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. மார்கழியில் ஒரு நாள் அப்பாவின் ஜாதகத்தை வைத்துக்கொண்டு எல்லாரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, நானாக எனக்கென்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. அப்போது என் கண்ணில் பட்டது, வாசல் நடையில் பழைய போர்வை போர்த்தி நின்றிருந்த உன் ஸ்கூட்டர்.

பள்ளிக்கு நான் குத்தாலத்தில் சைக்கிளில் போனவள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். கல்யாணத்திற்குப் பிறகு அந்த சைக்கிளை உன் மாமாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு முப்பத்திரண்டு ஆண்டுகள் பின்னால்தான் உட்கார்ந்து போனேன், முதலில் அப்பாவின் பின்னால், பிறகு உன் பின்னால். தை பிறந்ததும் பழகுநர் உரிமம் எடுத்தேன். எதிர்வீட்டுப் பெண் விடியற்காலையில் துலாக்கட்டம் பக்கம் அழைத்துப் போய்க் கற்றுக்கொடுத்தாள். சமநிலை பிரச்சினை இல்லை, சைக்கிள் மறக்கவில்லை. ஆனால் பயம் வந்தால் கை தானாகவே ஆக்சிலேட்டரை முறுக்குகிறது, அதுதான் ஆபத்து. மாசியில் ஒரு நாள் அப்படித்தான் முறுக்கி, மணல் சறுக்கி விழுந்தேன். முழங்கையில் நல்ல சிராய்ப்பு. அந்த வாரம் முழுவதும் வீடியோவில் நான் குழந்தையையே காட்டிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறதா? பேரன் மேல் பாசம் மட்டும் அதற்குக் காரணம் இல்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இது இந்த வயதில் தேவையா என்பது போல ஒரு பார்வை பார்த்தார். மறுநாள் காலையில் வண்டியின் கண்ணாடியை அவரே நிமிர்த்தி முடுக்கி வைத்திருந்தார்.

நாற்பதைக் கடந்தவர்களுக்கு மருத்துவரின் சான்று வேண்டுமாம், அதையும் வாங்கினேன். பங்குனியில் எட்டுப் போடப் போனேன். முன்னால் இருபது வயதுப் பையன்கள் வரிசையில் நின்றார்கள். அவர்களில் ஒருவன், பயப்படாதீங்க அம்மா, தரையைப் பார்க்காம எதிரே பாருங்க என்றான். நான் தரையைத்தான் பார்த்தேன். இரண்டாவது வளைவில் இடக்கால் ஊன்றிவிட்டது. அடுத்த முறை வாருங்கள் என்றார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவமானமாக இருந்தது. பிளஸ் டூவில் கணக்குத் தேர்வு முடிந்த அன்றைக்குப் பிறகு அப்படி ஒரு படபடப்பை நான் அறிந்ததே இல்லை. அன்று மாலையே காவிரிக் கரையில் சுண்ணாம்புப் பொடியால் எட்டு வரைந்துகொண்டேன். மேட்டூர் திறக்காத கோடையில் ஆற்றில் மணலும் வெயிலும்தான், வேடிக்கை பார்க்கவும் ஆள் இல்லை. சித்திரை பிறந்த இரண்டாவது வாரத்தில் மறுபடி போய், கால் ஊன்றாமல் முடித்தேன். அப்பா அலுவலகத்தில் அனுமதி சொல்லிவிட்டு வந்து, வேப்பமரத்தடியில் நின்றிருந்தார் என்பது முடித்த பிறகுதான் தெரிந்தது.

உரிமம் போன வாரம் தபாலில் வந்தது. ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு ஐந்து ஆண்டுதான் தருகிறார்கள், அதாவது 2031 வரை. நீ அந்த வண்டியை வாங்கியது 2016; அதன் பதினைந்து ஆண்டுப் பதிவும் 2031இல்தான் முடிகிறது. என் சாதாரண ஆண்டு திரும்பி வரும்போது இரண்டும் செல்லுபடியாகவே இருக்கும்.

வரும் வெள்ளிக்கிழமை திருக்கடையூர் போய் நாளைக் குறித்துவிட்டு வரலாம் என்றிருக்கிறோம். செம்பனார்கோவில், ஆக்கூர் வழியாக இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். பேருந்தில் போகலாம் என்றார் அப்பா. நான் ஓட்டுகிறேன், நீங்கள் பின்னால் உட்காருங்கள் என்றேன். இரண்டு நாள் பதிலே சொல்லவில்லை. நேற்று கடைத்தெருவுக்குப் போனவர் தமக்கென்று ஒரு ஹெல்மெட் வாங்கி வந்திருக்கிறார்.

ஆகவே எனக்கு வேண்டியது இதுதான்: வண்டி இன்னும் உன் பெயரில் இருக்கிறது. அதை என் பெயருக்கு மாற்றிக் கொடு. அதற்குப் படிவம் 29, படிவம் 30 என்று இரண்டு உண்டு, இரண்டிலும் உன் கையெழுத்து வேண்டும். இரண்டையும் வாங்கி, அப்பாவின் ஓய்வூதியக் கோப்புக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஆவணியில் வரும்போது போட்டுக் கொடு. ஆர்.சி. புத்தகம் உன் பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதை மட்டும் அடுத்த முறை பேசும்போது சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா