யாழினிக்கு வந்த ராக்கெட் வேலை

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. ராத்திரியில் படிக்கும் பழக்கத்தைக் கொஞ்ச நாளைக்கு ஒத்திப்போடு. இது நீளமான கடிதம், பகலில் படித்துக்கொள். எனக்கு மூட்டுவலி அப்படியே இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் பிள்ளைகள் இயற்பியலில் சந்தேகம் கேட்டு வருகிறார்கள், பொழுது நன்றாகப் போகிறது.

சரி, யாழினி விஷயத்துக்கு வருகிறேன். கையில் இருக்கும் நிரந்தர வேலையை விட்டுவிட்டுச் சின்ன ராக்கெட் கம்பெனிக்குப் போகிறேன் என்கிறாள், அந்தக் கம்பெனி இன்னும் ஒரு செயற்கைக்கோளைக்கூட மேலே கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை, கம்பெனியை மூடிவிட்டால் பெண்ணின் கதி என்ன என்று எழுதியிருக்கிறாய். நியாயமான பயம்தான். வர்ஜின் ஆர்பிட் கம்பெனிக்கு நடந்ததைப் பார். விமானத்தின் இறக்கைக்கு அடியில் ராக்கெட்டைக் கட்டிக்கொண்டுபோய் நடுவானில் ஏவுவது அவர்கள் முறை. ஏற்கெனவே நாலு தடவை செயற்கைக்கோள்களைச் சுற்றுப்பாதையில் சேர்த்தவர்கள். 2023 ஜனவரியில் இங்கிலாந்தின் கார்ன்வாலில் இருந்து போன ராக்கெட்டில், இரண்டாம் கட்டத்தின், அதாவது கீழ்ப்பகுதி எரிந்து கழன்ற பிறகு மேலே தள்ளும் பகுதியின், எரிபொருள் குழாயில் இருந்த ஒரு ஃபில்டர் இடம் பெயர்ந்துவிட்டது. எரிபொருள் சரியாகப் போகவில்லை, என்ஜின் சூடேறிக் கெட்டது, ஒன்பது செயற்கைக்கோள்களும் போயின. ஏப்ரலில் கம்பெனி திவால் மனு கொடுத்தது. பணம் ஏற்கெனவே வற்றிக்கொண்டிருந்தது, அந்தத் தோல்வியோடு கதை முடிந்தது. வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோரை அதற்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இதே தொழிலில் பிழைத்தவர்களும் அந்த விளிம்பு வரை போனவர்கள்தான். இன்று எல்லோரும் பேசும் ஸ்பேஸ்எக்ஸின் முதல் ராக்கெட் ஃபால்கன் 1 வரிசையாக மூன்று முறை தோற்றது. மூன்றாவது தோல்வியை மட்டும் யாழினி ஒருமுறை ஊன்றிப் படிக்கட்டும். 2008 ஆகஸ்ட். முதல் கட்டம் எரிந்து முடிந்தது, என்ஜினை அணைத்தாயிற்று, இரண்டு கட்டங்களும் பிரிந்தன. ஆனால் புதிய என்ஜினில் மிச்சமிருந்த துளி உந்துவிசை முழுதாக அடங்கவில்லை. கழன்ற கீழ்ப்பகுதி பின்னாலேயே வந்து மேல்பகுதியை முட்டிவிட்டது. தரையில் சோதித்தபோது காற்றழுத்தம் சூழ்ந்திருந்ததால் அந்தச் சின்னத் தள்ளல் கண்ணில் படவே இல்லை. வெற்றிடத்தில்தான் அது வெளிப்பட்டது. என்ஜினை அணைப்பதற்கும் கட்டங்கள் பிரிவதற்கும் நடுவே சில விநாடி கூடுதலாகக் காத்திருப்பது, திருத்தம் அவ்வளவுதான். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 28-ஆம் தேதி நான்காவது ராக்கெட் சுற்றுப்பாதையை எட்டியது. அந்த டிசம்பரில் விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு கொண்டுபோக நாசா 160 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. தனியார் என்று நாம் சொன்னாலும், பல இடங்களில் அவர்களைத் தூக்கி நிறுத்தியது அரசுப் பணம்தான் என்பதை மறக்கக் கூடாது.

நிலாவில் இறங்குவது இதைவிடக் கடினம். ஜப்பானின் ஐஸ்பேஸ் கம்பெனி அனுப்பிய கலம் 2023 ஏப்ரலில் எல்லாம் சரியாக நடந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பள்ளத்தின் விளிம்பைத் தாண்டும்போது அடியில் இருந்த தரை சட்டென்று மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குப் போனது. உயரம் காட்டும் சென்சார் உள்ளதைத்தான் சொன்னது. மென்பொருளோ, இவ்வளவு பெரிய வித்தியாசம் வர வாய்ப்பில்லை, சென்சார்தான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி அதன் பேச்சைத் தள்ளிவிட்டது. தரையைத் தொட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டு, உண்மையில் ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் அந்தக் கலம் மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தது. எரிபொருள் தீர்ந்ததும் விழுந்தது. இறங்கும் இடத்தை நடுவில் மாற்றியிருக்கிறார்கள், புதிய பாதையின் மேடுபள்ளத்தை வைத்துப் போதுமான ஒத்திகை பார்க்கவில்லை. எனக்கு மனசு கனத்துப்போனது, கலா. சரியாகச் சொன்ன கருவியை நம்பாமல் போனதே என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன். 2025 ஜூனில் அவர்களுடைய அடுத்த கலமும் விழுந்தது. ஆனால் அதே ஆண்டு மார்ச்சில் ஃபயர்ஃபிளை என்ற கம்பெனியின் புளூ கோஸ்ட் கலம் சாயாமல் நேராக இறங்கி நின்று, ஒரு முழு நிலவுப் பகல், அதாவது நம் கணக்கில் இரண்டு வாரம், வேலை செய்தது. ஒரு தனியார் கலம் குறையில்லாமல் நிலாவில் இறங்கியது அதுதான் முதல் தடவை.

இந்தத் தோல்விகளையெல்லாம் நான் மனப்பூர்வமாக மதிக்கிறேன். பணம் போட்டவர்களுக்கு நஷ்டம், உழைத்தவர்களுக்கு வேதனை, அடுத்து வருகிறவர்களுக்குப் பாடம். மற்றவர்கள் தலையில் எதுவும் விடியவில்லை. என் பயம் வேறு இடத்தில்.

சுற்றுப்பாதையில் தோற்றால் நஷ்டம் தோற்றவனோடு நிற்காது. 2009 பிப்ரவரியில் இரிடியம் என்ற தனியார் கம்பெனியின் செயற்கைக்கோளும், செத்துப்போன ஒரு ரஷ்யச் செயற்கைக்கோளும் சைபீரியாவுக்கு மேலே ஏறக்குறைய 790 கிலோமீட்டர் உயரத்தில் மோதிக்கொண்டன. மோதிய வேகம் விநாடிக்கு 11 கிலோமீட்டருக்கு மேல். கண்காணிக்கும் அளவுக்குப் பெரிய துண்டுகள் மட்டும் 2,000-க்கு மேல் சிதறின. அந்த உயரத்தில் காற்று இல்லாத மாதிரிதான், துண்டுகள் கீழே வரப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். 2024 ஆகஸ்டில் 18 செயற்கைக்கோள்களை விட்டுவிட்டு வந்த ஒரு சீன ராக்கெட்டின் மேல்கட்டம் உடைந்து நூற்றுக்கணக்கான துண்டுகளானது. அந்தத் துண்டுகளுக்கு நடுவில்தான் நாளைக்கு யாழினியின் ராக்கெட்டும் போக வேண்டும்.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1967-ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கையின்படி ஒரு நாட்டின் தனியார் கம்பெனி மேலே செய்கிற காரியத்துக்கும் அந்த நாட்டு அரசுதான் பொறுப்பு, அனுமதி கொடுப்பதோடு நிற்காமல் தொடர்ந்து மேற்பார்வை பார்க்கவும் வேண்டும். ஆனால் ஒரே கம்பெனி ஆயிரக்கணக்கில் செயற்கைக்கோள்களை விடும் காலத்தை அன்றைக்கு யார் நினைத்தார்கள்? தாழ்வான சுற்றுப்பாதையில் வேலை முடிந்த செயற்கைக்கோளை ஐந்து ஆண்டுக்குள் கீழே இறக்க வேண்டும் என்று அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையம் 2022-இல் விதி போட்டது. அதற்கு முன்பு 25 ஆண்டு வரை விட்டுவைக்கலாம் என்பதுதான் வழக்கம். மறு ஆண்டு, பழைய செயற்கைக்கோள் ஒன்றைச் சொன்ன உயரத்துக்கு ஒதுக்கவில்லை என்று டிஷ் என்ற டிவி நிறுவனத்துக்கு அதே ஆணையம் 1,50,000 டாலர் அபராதம் போட்டது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கு அது பொருட்டா என்றால் இல்லைதான். ஆனாலும் முதல் தடவையாக ஒருவரைக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்டிருக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தோஷம்.

நன்றாகச் செய்வதற்கும் உதாரணம் சொல்லிவிடுகிறேன். 2022 பிப்ரவரியில் ஸ்பேஸ்எக்ஸ் ஏவிய 49 ஸ்டார்லிங்க் இன்டர்நெட் செயற்கைக்கோள்களில் 40 வரை சூரியப் புயலில் சிக்கி அழிந்தன. புயலில் மேல் காற்று சூடாகி விரிந்து இழுத்துவிட்டது. அவ்வளவு தாழ்வாக, 210 கிலோமீட்டரில் விட்டதற்குக் காரணமே, கோளாறாகிப்போனது எதுவும் மேலே தங்காமல் சீக்கிரம் விழுந்து எரியட்டும் என்பதுதான். 40 போயும் சுற்றுப்பாதையில் குப்பை இல்லை. தோற்றால் என்ன ஆகும் என்று முன்னாலேயே யோசித்தவர்கள் செய்த வேலை அது. அதே ஸ்டார்லிங்க்குகள் தொலைநோக்கிப் படங்களில் கோடு கோடாக விழுவது எனக்கு வருத்தம்தான், அதைப் பற்றி இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன்.

அதனால் யாழினியைத் தடுக்காதே. கம்பெனி மூடினாலும் அங்கே கற்றது அவளோடு வரும். சேருவதற்கு முன்னால் அவர்களிடம் மூன்று விஷயம் கேட்கச் சொல். செயற்கைக்கோளை விட்ட பிறகு மேல்கட்டத்தை எப்படிக் கீழே இறக்கப் போகிறார்கள், அதற்கென்று எரிபொருள் ஒதுக்கியிருக்கிறார்களா? சோதனையில் ஒரு சென்சார் எதிர்பாராத எண்ணைக் காட்டினால் ஏவும் தேதியைத் தள்ளிவைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? முதல் ராக்கெட் தோற்றால் இரண்டாவதற்குப் பணம் இருக்கிறதா? மூன்றாவதற்கு மழுப்பினால்கூடப் பரவாயில்லை, இந்தத் தொழிலில் யாருக்குமே அது உறுதி கிடையாது. முதல் இரண்டுக்கு மழுப்பினால் வேறு கம்பெனி பார்க்கட்டும்.

அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று அவளையே எனக்குப் போன் செய்யச் சொல். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போட்டுக்கொள்.

அன்புடன்,
சுமதி